காய்ச்சலுக்கும் சட்டத்துக்கும் செடிக்கும் மொழி குடுத்த எலியாஸ் லொன்ரோட்

ஃபின்லாந்து இலக்கியம்னு பேச்சு வந்தா எல்லாரும் கலேவலாங்கிற காவியத்துல தான் ஆரம்பிப்பாங்க. தமிழ்லயே அது இருக்கு, ஈழத்து எழுத்தாளர் உதயணன் (இரா. சிவலிங்கம்) முழுக் காவியத்தையும் மொழிபெயர்த்து 1994ல கொண்டுவந்தாரு, நானும் அது வழியாத்தான் அதைத் தொகுத்த எலியாஸ் லொன்ரோட்ங்கிற பேரைத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அந்த மனுஷனைப் பத்திப் படிக்கப் படிக்க காவியத்தை விட அவரோட மத்த புத்தகங்கள் மேல தான் எனக்குப் பிடிப்பு அதிகமாச்சு. விவசாயிங்களுக்கு ஒரு வீட்டு வைத்தியப் புத்தகம், பஞ்சத்துல எதைத் தின்னு பிழைக்கிறதுன்னு ஒரு சின்ன நூல், ஒரு மாசப் பத்திரிகை, செடிகொடிப் புத்தகம், சட்டக் கையேடு, கடைசியா ரெண்டு லட்சம் சொல்லுக்கு மேல இருக்கிற ஒரு அகராதி. கற்பனைக் கதை இல்லாத எழுத்தை அபுனைவுன்னு நாம சொல்றோமே, அந்த எழுத்து தான் அவர் வாழ்க்கையில முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கிட்டிருக்கு.

இன்னைக்கு ஃபின்னிஷ் மொழி யுனிவர்சிட்டி, கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் சர்வ சாதாரணமா புழங்குது. அதுக்குக் காவியம் காரணம்னு சொல்றது பாதி உண்மை தான். ஒரு மொழிக்காரங்களுக்கு காவியம் பெருமையைக் குடுக்கும், சந்தேகமே இல்ல, ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்றது, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டா யாருகிட்ட போறதுங்கிறதை அந்த மொழியிலயே படிச்சுத் தெரிஞ்சுக்க முடிஞ்சா தான் அது முழு மொழி. லொன்ரோட் இதை வாயால சொல்லிட்டுப் போகல, ஒவ்வொரு துறையா உக்காந்து எழுதிக் காட்டினாரு. அதனால அவரை நான் முதல்ல ஒரு அபுனைவு எழுத்தாளராத் தான் பாக்குறேன், காவியம் தொகுத்தவர்ங்கிறது எனக்கு அடுத்தது தான்.

அந்தக் காலத்து ஃபின்லாந்து எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். ஆறு நூற்றாண்டுக்கு மேல ஸ்வீடன் கையில இருந்த நாடு, 1809ல ரஷ்யாவுக்குப் போச்சு, ஆனா ஆபீஸ் மொழி, படிப்பு மொழி எல்லாம் ஸ்வீடிஷ் தான், யுனிவர்சிட்டியில ஆய்வேடு லத்தீன்ல. ஃபின்னிஷ் பேசுறவங்க தான் பெரும்பான்மை, ஆனா அவங்க விவசாயிங்க, குத்தகைக்காரங்க, வீட்டு வேலை செய்யுறவங்க. இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம் என்னன்னா அந்த ஏழை விவசாயிங்களுக்கு வாசிக்கத் தெரியும்! லுத்தரன் சர்ச்சு அதை விடாப்பிடியா பண்ண வெச்சிருந்துச்சு. 1686ல வந்த சர்ச்சு சட்டத்துப்படி ஞானோபதேசம் படிக்கத் தெரிஞ்சிருக்கணும், பாதிரியார் ஊர் ஊரா வந்து ஒரு வீட்டுல எல்லாரையும் கூட்டி ஒவ்வொருத்தரையா வாசிக்கச் சொல்லிக் கேப்பாரு, அதுல தேறலன்னா கல்யாணமே நடக்காது. எழுதத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, ஆனா வாசிக்கத் தெரிஞ்சவங்க ஊருக்கு ஊர் இருந்தாங்க.

அப்படி வாசிக்கக் கத்துக்கிட்டு அவங்க எதை வாசிக்கிறது? மிக்கேல் அக்ரிகோலா 1543ல ஒரு அரிச்சுவடி போட்டாரு, 1548ல புதிய ஏற்பாடு வந்துச்சு, 1642ல முழு பைபிள் வந்துச்சு, அப்புறம் ஞானப்பாட்டு, பஞ்சாங்கம், அரசாங்க அறிவிப்பு, அவ்வளவு தான் பெரும்பாலும். வாசகன் தயாரா உக்காந்திருக்கான், அவன் வாழ்க்கைக்கு உதவுற எழுத்து அவன் மொழியில ரொம்பக் கம்மி. இந்த இடைவெளியை லொன்ரோட் பாத்தாரு, ஏன்னா அவரே அந்தக் கூட்டத்துல இருந்து வந்தவரு.

1802 ஏப்ரல் 9ல சம்மத்திங்கிற ஊர்ல பொறந்தாரு. பைக்காரின்னு ஒரு குத்தகைக் குடிசை, அப்பா தையல்காரர், ஏழு பிள்ளைங்கள்ல இவரு நாலாவது. பஞ்ச வருஷத்துல பைன் மரப்பட்டையை மாவுல கலந்து ரொட்டி சுட்டுத் தின்ன குடும்பம். சின்ன வயசுலயே புத்தகப் பைத்தியம், அக்கம்பக்கத்துல ஒரு அம்மா தன் பிள்ளைங்களை எழுப்பும்போது "எந்திரிங்க, லொன்ரோட் வீட்டுப் பையன் அப்பவே மரத்துல ஏறி உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கான்"னு சொல்லுவாங்களாம், ஃபின்லாந்துல இந்தக் கதையைத் தெரியாதவங்க இல்ல. ஸ்கூலுக்குப் போனா அங்க எல்லாம் ஸ்வீடிஷ், இவருக்கு வீட்டுல ஃபின்னிஷ். பணம் இல்லாம படிப்பு நடுவுல நடுவுல நின்னுச்சு, வீடு வீடாப் போய்ப் பாடி மாணவர்கள் காசு வாங்குற பழக்கம் அப்ப இருந்துச்சு, அதுவும் பண்ணியிருக்காரு. ஹமேன்லின்னா ஊர்ல ஒரு மருந்துக்கடையில வேலை கத்துக்கிட்டாரு, அந்தக் கடையில வேலை பாத்துக்கிட்டே லத்தீனை நல்லாப் பிடிச்சுக்கிட்டாரு. 1822ல துர்க்கு யுனிவர்சிட்டியில சேர்ந்தாரு, அதே வருஷம் அங்க சேர்ந்த இன்னும் ரெண்டு பேரு பின்னாடி நாட்டையே மாத்தினவங்க: கவிஞர் ரூனெபெர்க், தத்துவவாதி ஸ்னெல்மன்.

1827ல துர்க்கு நகரமே தீப்பிடிச்சு எரிஞ்சுச்சு. வைனமோய்னென்ங்கிற புராண நாயகனைப் பத்தி லொன்ரோட் எழுதின ஆய்வோட ரெண்டாவது பகுதி அந்தத் தீயில போயிருச்சு. யுனிவர்சிட்டி ஹெல்சின்கிக்கு மாறினப்புறம் மருத்துவம் படிச்சாரு, 1831ல ஹெல்சின்கியில காலரா வந்தப்போ ஓடி ஓடி நோயாளிங்களைப் பாத்தாரு. அதே வருஷம் ஃபின்னிஷ் இலக்கியச் சங்கத்தை நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிச்சாங்க, அதுக்கு முதல் செயலாளர் இவரு தான். மறு வருஷம் மருத்துவ டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கிட்ட தலைப்பு தான் என்னை ரொம்ப ஈர்த்துச்சு: ஃபின்னிஷ் மக்களோட மந்திர வைத்தியம். ஒரு மருத்துவ மாணவன் மந்திரிக்கிறவங்களைப் பத்தி, நோய் எங்க இருந்து வருதுன்னு கிராமத்து ஜனங்க நினைக்கிறதைப் பத்தி, சவுனாங்கிற நீராவிக் குளியல்ல வெச்சு நடக்குற வைத்தியத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றாரு. அதைப் படிச்ச ஆளுங்க வெறும் நாட்டுப்புற ஆர்வம்னு நினைச்சிருக்கலாம், ஆனா பின்னாடி அவரு எழுதப்போற வைத்தியப் புத்தகத்துக்கு அது தான் அஸ்திவாரம்னு நான் நினைக்கிறேன். நோயாளி தன் வலியை எந்தச் சொல்லால சொல்றான், எதுக்குப் பயப்படுறான்னு தெரியாம அவனுக்குப் புத்தகம் எழுத முடியாது.

1833ல கயானிக்கு மாவட்ட டாக்டரா போனாரு. கயானி அப்ப ஒரு குட்டி ஊரு, சில நூறு பேரு தான், ஆனா அவரு பாத்துக்க வேண்டிய வட்டாரம் காடும் ஏரியும் சதுப்பு நிலமுமா ரொம்பப் பெருசு, கோடையில படகு, குளிர்காலத்துல பனிச்சறுக்கு இல்லன்னா குதிரைவண்டி. அவரு போய்ச் சேர்ந்த நேரம் பயிர் பொய்ச்சுப் போய் பஞ்சம், பஞ்சத்துக்குப் பின்னாலயே டைபஸ் காய்ச்சலும் வயித்துக்கடுப்பும். ஆளுங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, லொன்ரோட்டுக்கே டைபஸ் வந்து சாவுக்குப் பக்கத்துல போய்த் திரும்பினாரு. இவ்வளவு பெரிய வட்டாரத்துக்கு ஒரே ஒரு டாக்டர், ஒரு நோயாளியைப் போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள இன்னொரு பக்கம் பத்து பேரு போயிடுவாங்க. இந்த நிலைமையில தான் எழுத்து அவருக்கு வைத்தியத்தோட ஒரு பகுதியாகுது. தான் போக முடியாத வீட்டுக்குப் புத்தகம் போகட்டும். 1834லயே கயானிப் பக்கத்து ஜனங்களுக்காக பஞ்ச வருஷத்துக்கு நல்ல யோசனைகள்னு ஒரு சின்ன நூல் கொண்டுவந்தாரு, தானியம் இல்லாதப்போ எதை எப்படிப் பக்குவப்படுத்திச் சாப்பிடலாம், அங்க பாறையிலயும் தரையிலயும் வளர்ற லைக்கனை (நம்ம சமையல்ல போடுற கல்பாசி இந்த இனம் தான்) எப்படி உணவுக்குச் சேர்த்துக்கலாம்ங்கிற மாதிரி விஷயங்கள். இன்னொரு பக்கம் சாராயத்தைக் குறைக்கணும்னு அதே 1834ல கயானியில ஒரு மதுவிலக்குச் சங்கம் ஆரம்பிச்சாரு, ரொம்ப பேரு சேரல, அது கொஞ்ச நாள்ல படுத்துருச்சு.

1839ல தான் "ஃபின்னிஷ் விவசாயியின் வீட்டு வைத்தியர்" வருது. தலைப்பைக் கவனிங்க, யாருக்குன்னு அதுலயே இருக்கு. டாக்டருக்கு இல்ல, பாதிரியாருக்கு இல்ல, குடிசையில குடும்பத்தோட உக்காந்து வாசிக்கிற விவசாயிக்கு. கிருமி தான் நோய்க்குக் காரணம்னு மருத்துவ உலகத்துக்கே தெரியாத காலம், அதனால இன்னைக்கு எடுத்துப் பாத்தா அதுல இருக்கிற பல வைத்தியத்தை நாம ஏத்துக்க மாட்டோம். ஆனா நான் அதைப் பாக்குற கோணம் வேற. ஒரு ஃபின்னிஷ் விவசாயி தன் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தன் மொழியில முழுசா ஒரு விளக்கத்தை வாசிக்கிறான், மந்திரம் இல்லாம, லத்தீன் இல்லாம. அது வரைக்கும் அந்த அறிவு அவனுக்கு பெரும்பாலும் ஸ்வீடிஷ் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.

இப்படி ஒரு புத்தகம் எழுதுறது எவ்வளவு கஷ்டம்னு புரிஞ்சுக்க ஒரே ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பாக்கலாம். ஃபின்னிஷ்ல சுவோனின்னு ஒரு சொல் இருக்கு, ரத்தக்குழாய்க்கும் அது தான், தசைநாருக்கும் அது தான், ஜனங்களுக்கு அதுல எந்தக் குழப்பமும் இல்ல ஏன்னா பேசும்போது கையை வெச்சுக் காட்டிடலாம். எழுத்துல கை கிடையாதே. இதயத்துல இருந்து ரத்தம் போற குழாயா, இதயத்துக்குத் திரும்ப வர்ற குழாயான்னு பிரிச்சுச் சொல்லாம உடம்பைப் பத்தி ஒரு பாரா கூட ஒழுங்கா எழுத முடியாது. தமனிக்கு வால்திமோ, சிரைக்கு லாஸ்கிமோன்னு ரெண்டு தனிச் சொல் ஃபின்னிஷ்ல நிலைச்சது லொன்ரோட்டால தான், லாஸ்கிமோவுக்கு வேர் இறக்குறது, இறங்க விடுறதுங்கிற வினை. சூடுக்கு இருந்த குவூமாங்கிற சொல்லுல இருந்து காய்ச்சலுக்கு குவூமேன்னு சொல்லும் அவரு கணக்குல தான் சொல்றாங்க. வெளிநாட்டுச் சொல்லை அப்படியே இறக்காம, கேக்குறவன் காதுக்குப் பாதி தெரிஞ்ச மாதிரி இருக்கணும்னு பாத்துப் பாத்துப் பண்ணியிருக்காரு, அதனால தான் அதெல்லாம் தங்கிருச்சு, ஹெல்சின்கி ஆஸ்பத்திரி நர்ஸ் இன்னைக்கும் அதே சொல்லைத் தான் சொல்லுவாங்க.

பத்திரிகைக் கதை தனி. 1836ல மெஹிலாய்னென்னு ஒரு மாசப் பத்திரிகை ஆரம்பிச்சாரு, தேனீன்னு அர்த்தம், ஃபின்னிஷ்ல வந்த முதல் இதழ்னு இதைத் தான் சொல்றாங்க. கயானியில உக்காந்து எழுதுறது, ஓலு நகரத்துல அச்சடிக்கிறது. நாட்டுப்புறப் பாட்டு, உடம்பைப் பாத்துக்கிறதுக்கு யோசனை, மொழி விஷயம், அதோட இணைப்பா தொடர்ச்சியா உலக வரலாறு! மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு வந்து உக்காந்த விவசாயி எகிப்து, கிரேக்கம்னு படிக்கணும்னு ஒரு மனுஷன் நினைச்சிருக்காரு பாருங்க, அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியுது. ஜனங்களுக்கு இது புரியாது, அவங்களுக்கு இது போதும்னு ஒரு அளவு வெச்சு எழுதுறவங்க எந்த மொழியிலயும் நிறைய பேரு உண்டு, இவரு அந்த அளவை வெக்கல. ஆனா சந்தா கட்டுறவங்க போதுமான அளவுக்குச் சேரல. 1837ல நின்னுச்சு, 1839ல திரும்ப ஆரம்பிச்சாரு, 1840ஓட மூடிட்டாரு.

கலேவலாவை விட்டுட்டுப் போக முடியாது, ஆனா சுருக்கமாச் சொல்லிடுறேன். 1828ல இருந்து 1844 வரைக்கும் 11 பயணம், கிழக்கு எல்லையில இருக்கிற கரேலியாப் பக்கம் ஊர் ஊராப் போய்ப் பாட்டுக் கேட்டு எழுதிக்கிட்டது, 1835ல முதல் பதிப்பு, முன்னுரையில கையெழுத்துப் போட்ட பிப்ரவரி 28 இன்னைக்கும் கலேவலா நாள். 500 பிரதி தான் அடிச்சாங்க, அது வித்து முடியவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 1849ல 50 பாட்டு, 22,795 வரியோட பெரிய பதிப்பு. இதுக்கு நடுவுல 1842ல 7,000த்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்தாரு, 1844ல விடுகதைகள். என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த வேலையும் அவரோட அபுனைவு வேலையும் வேற வேற இல்ல. பல பேரு பாடினதை எழுதிக்கிட்டு வந்து, ஒரே பாட்டோட பல வடிவங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து, எது எங்க வரணும்னு அடுக்குறது தானே கலேவலா, அது ஒரு அகராதிக்காரரோட புத்தி. அதோட காட்டுக்குள்ள ஆயிரக்கணக்கான வரியைக் கேட்ட அந்தக் காது இல்லாம வீட்டு வைத்தியர் புத்தகத்தோட ஃபின்னிஷ் அமைஞ்சிருக்காது. அப்ப எழுத்து மொழி எந்த வட்டார வழக்குல இருக்கணும்னு பெரிய சண்டை நடந்துக்கிட்டிருந்துச்சு. அக்ரிகோலா காலத்துல இருந்து மேற்குப் பக்கத்து வழக்குல தான் எழுத்து, கிழக்கு வழக்கு தான் சுத்தமானதுன்னு இன்னொரு கூட்டம் கிளம்புச்சு. லொன்ரோட் ரெண்டையும் விடல. பைபிள்ல பழகின மேற்கத்தி வடிவத்தை அடியில வெச்சுக்கிட்டு கிழக்கோட சொல் வளத்தை அதுல கொட்டினாரு, ரெண்டு பக்கத்துக்காரனும் தன்னுதுன்னு நினைச்சு வாசிக்கிற மாதிரி ஆச்சு.

1850ல ஒரு அடி விழுந்துச்சு. 1848ல ஐரோப்பா பூரா புரட்சி, அது ஃபின்லாந்து ஜனங்க கிட்ட பரவிடக்கூடாதுன்னு ஜார் நிக்கோலாய் அரசாங்கம் ஒரு தணிக்கை ஆணை போட்டுச்சு: ஃபின்னிஷ்ல அச்சடிக்கணும்னா பக்தி விஷயம், இல்லன்னா விவசாயம் தொழில் மாதிரி பொருளாதார விஷயம், வேற எதுவும் கூடாது. ஸ்வீடிஷ்ல படிக்கிறவங்களுக்கு இந்தத் தடை இல்ல. இதுல இருந்தே தெரியுது, ஆட்சியில இருக்கிறவங்களுக்கு எந்த எழுத்து மேல பயம்னு. கதையும் நின்னுச்சு, வரலாறும் அரசியலும் நின்னுச்சு, சாதாரண ஜனங்க மொழியில உலகத்தை விளக்குற எழுத்து தான் அவங்களுக்கு ஆபத்தாத் தெரிஞ்சுச்சு. சுமார் பத்து வருஷம் இந்தத் தடை இருந்துச்சு, போகப் போகத் தளர்ந்துச்சு.

அந்தத் தடைக்கு நடுவுலயே 1853ல லொன்ரோட்டை ஹெல்சின்கி யுனிவர்சிட்டியில ஃபின்னிஷ் மொழிப் பேராசிரியரா போட்டாங்க. அந்த இருக்கையில முதல்ல இருந்த கஸ்த்ரேன் 1852ல இறந்துட்டாரு, இவரு ரெண்டாவது. இருபது வருஷம் கயானியில டாக்டரா இருந்த ஆளு, 51 வயசுல பேராசிரியர்! ஸ்வீடிஷ்ல மட்டுமே பாடம் கேட்டுப் பழகின யுனிவர்சிட்டியில ஃபின்னிஷ்ல விளக்கவும் ஆரம்பிச்சாரு. 1858ல யுவாஸ்குலாங்கிற ஊர்ல ஃபின்னிஷ் வழி உயர்நிலைப் பள்ளி முதல் முதலாத் திறந்தாங்க, அப்ப தான் எல்லாருக்கும் உறைச்சுச்சு, பள்ளிக்கூடம் இருக்கு, பாடப்புத்தகத்துக்குச் சொல் எங்க? பாடம்னா இலக்கணம் மட்டும் இல்லையே, செடி, விலங்கு, கணக்கு, பூகோளம் எல்லாம் வேணுமே.

1860ல அவரோட செடிகொடிப் புத்தகம் வந்துச்சு, ஃபின்லாந்துத் தாவரங்களை ஃபின்னிஷ்ல முறையா விவரிக்கிற முதல் பெரிய நூல். கிராமத்துல ஒவ்வொரு செடிக்கும் பேரு இருக்கும், அது ஒண்ணும் கஷ்டம் இல்ல, ஆனா பூவைப் பிரிச்சு உள்ள இருக்கிற சின்னச் சின்ன பாகத்துக்கெல்லாம் எந்த ஊர்லயும் பேரு இருக்காது, மகரந்தத்தாளுக்கு ஹேதே, சூலகத்துக்கு எமின்னு அவரு வெச்சது தான் இன்னைக்கும் பள்ளிக்கூடத்துல. அடுத்து 1863ல சட்டக் கையேடு, ஸ்வீடிஷ்ல யோஹான் பால்மேன் எழுதினதை ஃபின்னிஷுக்குக் கொண்டுவந்தாரு, பொது ஜனங்களோட அறிவுக்காகன்னு தலைப்புலயே போட்டிருக்கும். இதுல அந்த வருஷத்தைப் பாருங்க. அதே 1863 ஆகஸ்ட்ல தான் ஜார் ரெண்டாம் அலெக்சாண்டர், ஸ்னெல்மனோட முயற்சியால, ஃபின்னிஷ் பேசுற ஜனங்க சம்பந்தப்பட்ட விஷயத்துல இருபது வருஷத்துக்குள்ள ஃபின்னிஷுக்கு ஸ்வீடிஷுக்குச் சமமான இடம் குடுக்கணும்னு மொழி ஆணை போட்டாரு. ஆணை போட்டா மட்டும் போதுமா, ஜட்ஜும் எழுத்தரும் எந்தச் சொல்லுல தீர்ப்பு எழுதுவாங்க? லொன்ரோட் கையேடு அந்த நேரத்துல மேஜை மேல வந்து உக்காந்துச்சு. ஸ்னெல்மன் உரிமையை வாங்கிக் குடுத்தாரு, லொன்ரோட் அந்த உரிமையைப் புழங்குறதுக்கு வேண்டிய சாமானைச் செஞ்சு வெச்சாரு. வரலாற்றுப் புத்தகங்கள்ல முதல் ஆளுக்குத் தான் பக்கம் அதிகம், ரெண்டாவது வேலையோட பாரம் எவ்வளவுன்னு அதைச் செஞ்சு பாத்தவங்களுக்குத் தான் தெரியும்.

1862லயே யுனிவர்சிட்டியை விட்டுட்டு சொந்த ஊரான சம்மத்திக்கே திரும்பிட்டாரு. ஓய்வுன்னு பேரு தான். 1866ல இருந்து 1880 வரைக்கும் பகுதி பகுதியா வந்த ஃபின்னிஷ்-ஸ்வீடிஷ் அகராதி அங்க உருவானது தான், அவருக்கு 64 வயசுல இருந்து 78 வயசு வரைக்கும். 2,00,000 சொல்லுக்கு மேல. பயணத்துல குறிச்ச நோட்டு, பழைய அகராதிங்க, மத்தவங்க அனுப்பின பட்டியல், தன்னோட புத்தகங்கள் எல்லாத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தணும், ஒவ்வொண்ணுக்கும் ஸ்வீடிஷ்ல பொருள் குடுக்கணும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இந்த அளவு ஒரு அகராதி என்ன கேக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே வருஷங்கள்ல வீட்டுல சாவு மேல சாவு. 1849ல கல்யாணம் பண்ணின மனைவி மரியா 1868ல போயிட்டாங்க. அஞ்சு பிள்ளைங்கள்ல மூத்த பையன் குழந்தையிலயே போயிட்டான், அப்புறம் மூணு பொண்ணுங்க வளர்ந்த வயசுல ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போனாங்க, கடைசியில ஈடாங்கிற ஒரே மகள் தான் மிச்சம். அடுத்தவங்க பிள்ளையைக் காப்பாத்துறதுக்கு 1839ல புத்தகம் போட்ட டாக்டருக்கு இப்படி ஆச்சு. இருந்தும் அகராதி நிக்கல, ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திருத்துற வேலையும் கூடவே ஓடுச்சு.

அகராதியில குறை உண்டு, பின்னாடி வந்த மொழியியல்காரங்க அதை எடுத்துச் சொல்லியிருக்காங்க. ஜனங்க வாயில நிஜமா கேட்ட சொல் எது, இப்படியும் சொல்லலாம்னு லொன்ரோட்டே விகுதி சேர்த்து உண்டாக்கினது எதுன்னு அதுல சரியாப் பிரிச்சுத் தெரியாது. ஒரு மொழியோட அன்னைய நிலைமையைப் பதிவு பண்ற ஆவணமா எடுத்துக்கிட்டா இது நிஜமாவே பெரிய குறை, அதை நான் சின்னதாக்கிப் பேச மாட்டேன். ஆனா அன்னைக்கு ஃபின்னிஷ்ல பாடப்புத்தகம், செய்தித்தாள், சட்ட மொழிபெயர்ப்பு எழுதிக்கிட்டிருந்தவங்களுக்கு அது தேவையா இருந்தது வேற காரணத்துக்காக, இந்தக் கருத்துக்கு ஃபின்னிஷ்ல என்ன சொல்லலாம்னு அவங்க அதைப் புரட்டினாங்க. இருக்கிற மொழியைப் பதியிறதும் வரப்போற மொழிக்கு இடம் பண்றதும் ரெண்டு வேலை, அவரு ரெண்டையும் ஒரே புத்தகத்துல பண்ணிட்டாரு.

1884 மார்ச் 19ல சம்மத்தியில இறந்தாரு. ஹெல்சின்கியில அவர் பேருல தெரு, அங்கயே எமில் விக்ஸ்த்ரோம் செஞ்ச சிலை, யூரோ வர்றதுக்கு முன்னாடி இருந்த 500 மார்க்கா நோட்டுல முகம், பைக்காரி குடிசை இப்ப மியூசியம். மரியாதைக்குக் குறைவில்ல. ஆனா சிலையில அவரைச் சுத்தி இருக்கிறது காவியப் பாத்திரங்கள் தான், காய்ச்சலோ செடியோ சட்டமோ அங்க இல்ல.

அந்த வழியில வந்தவங்க இன்னைக்கு ஃபின்லாந்துல நிறைய பேரு. அபுனைவு எழுதுறவங்களுக்குன்னே 1983ல ஒரு தேசிய சங்கம் ஆரம்பிச்சாங்க, பாடப்புத்தகம் எழுதுறவங்க, ஆராய்ச்சியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்னு ஆயிரக்கணக்கானவங்க அதுல உறுப்பினர். நூலகத்துல உங்க புத்தகத்தை ஜனங்க எடுத்துட்டுப் போனா அதுக்கு ஒரு ஈட்டுத்தொகை வரும். 1989ல இருந்து அபுனைவுக்குன்னு தனியா ஃபின்லாந்தியா பரிசு இருக்கு. ஹெல்சின்கி யுனிவர்சிட்டியில அபுனைவு இலக்கியத்துக்குன்னு பேராசிரியர் பதவியே இருந்திருக்கு, பிர்யோ ஹீதென்மாங்கிற ஃபின்னிஷ் மொழி அறிஞர் அதுல இருந்தாங்க, அந்த அபுனைவு எழுத்தாளர் சங்கத்துக்கும் ஐரோப்பிய எழுத்தாளர் அவைக்கும் தலைமை ஏத்தவங்க. பாடப்புத்தகம் எப்படி எழுதப்படுது, அரசாங்கக் கடிதத்தை ஜனங்க எப்படிப் படிக்கிறாங்க, அறிவை எழுத்துல கொண்டுபோறவங்களுக்கு என்ன திறமை வேணும்ங்கிறதெல்லாம் அங்க முறையான ஆராய்ச்சிப் பொருள். 2003ல போட்ட நிர்வாகச் சட்டத்தோட 9வது பிரிவு, அரசு அலுவலகம் விஷயத்துக்குப் பொருத்தமான, தெளிவான, புரியுற மொழியில எழுதணும்னு கட்டாயமாக்குது. ஒரு சாதாரண ஆளுக்கு வரிக் கடிதம் புரியலன்னா அது அவன் தப்பு இல்ல, எழுதின அலுவலகத்தோட பொறுப்புன்னு சட்டமே சொல்ற நாடு அது.

லொன்ரோட்டோட கடிதங்களை ஃபின்னிஷ் இலக்கியச் சங்கம் இணையத்துல போட்டிருக்கு, ஆர்வம் இருக்கிறவங்க மொழிபெயர்ப்புக் கருவியை வெச்சாவது புரட்டிப் பாக்கலாம். எனக்கு ஒரு ஆசை இருக்கு. கலேவலாவுக்கு உதயணன் செஞ்சதை யாராவது அந்த 1839 வீட்டு வைத்தியர் புத்தகத்துக்கும் செய்யணும், முழுசா வேண்டாம், முன்னுரையும் ரெண்டு மூணு நோய்ப் பகுதியும் நேரா ஃபின்னிஷ்ல இருந்து தமிழுக்கு வந்தாக்கூட போதும். டாக்டர் கிடைக்காத ஊருக்கு அவரு எப்படி ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கிறாரு, எந்த இடத்துல கண்டிச்சுச் சொல்றாரு, எந்த இடத்துல தைரியம் சொல்றாருன்னு வரிக்கு வரி பாக்கணும். ஹெல்சின்கியிலயோ எஸ்போவுலயோ இருக்கிற தமிழ் ஆளுங்க யாராவது இதைப் படிச்சா தயவு செஞ்சு யோசிங்க.